வியோம்: நகல் எடுத்தவர் என்று ஒதுக்கிவிட முடியாத ஒரு வயலின் ஆசாரி

கேள்வி இதுதான். வீட்டில் தாத்தா காலத்து வயலின் ஒன்று இருக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத்தில் "ழான் பாப்திஸ்த் வியோம், பாரிஸ்" என்று பிரெஞ்சில் அச்சாகியிருக்கிறது. யார் என்று தேடினால், பழைய இத்தாலிய ஆசாரி ஸ்ட்ராடிவாரியின் வயலின்களை நகல் எடுத்தவர் என்றே எல்லா இடத்திலும் வருகிறது. நகல் எடுத்த ஒருவரை எதற்கு இவ்வளவு தூக்கிவைத்துப் பேசுகிறார்கள்? அப்புறம், இந்த வயலின் நிஜமாகவே அவர் கையில் பிறந்ததாக இருக்குமா?

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வியைக் கேட்டதும் உட்கார்ந்து நிறைய எழுத வேண்டும் என்று தோன்றியது. பல வருடமாக வயலின் பழுது பார்க்கிறவன் நான். என் மேசையில் ஒரு பழைய வயலினைத் திறந்து வைத்து, இதன் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) ஏன் இந்த இடத்தில் நிற்கிறது, இந்த வில் ஏன் இப்படி மெலிகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எங்கோ ஓரிடத்தில் இந்த மனிதரின் பெயர் வந்துவிடும். நகல் என்ற சொல்லை நாம் கொஞ்சம் அவசரமாக வசைச்சொல் ஆக்கிவிட்டோம் என்பது என் எண்ணம்.

முதலில் பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தால் 'வில்லியூம்' என்று வாயில் வரும். பிரெஞ்சுக்காரர் சொன்னால் 'வ்யுயோம்' என்பது போலக் கேட்கும். நாம் வியோம் என்றே வைத்துக்கொள்வோம்.

பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில் மிர்கூர் என்று ஒரு சிற்றூர். 1600களிலிருந்தே அங்கே வயலின் செய்வதுதான் தொழில். ஆண்கள் வயலின் செய்தார்கள், பெண்கள் லேஸ் பின்னினார்கள். அந்த ஊரில், வயலின் செய்யும் குடும்பத்தில் 1798 அக்டோபர் 7 அன்று வியோம் பிறந்தார். தகப்பனார் வயலின் செய்தவர், சகோதரர்களும் அதே தொழிலுக்குப் போனார்கள். உளி பிடிக்க அவருக்குத் தனியாகப் பள்ளி தேவைப்படவில்லை. ஆனால் மிர்கூரில் செய்த வயலின்கள் மலிவானவை, மூட்டை மூட்டையாக வெளியூர் போகிறவை. பெயர் எடுக்க வேண்டுமானால் பாரிஸ் போயாக வேண்டும். 1818இல், இருபது வயதுகூட நிறையாமல், அவர் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

வேலைக்குச் சேர்ந்த இடம் விசித்திரமானது. பிரான்சுவா ஷானோ என்பவர் கடற்படைப் பொறியாளர், அவரும் மிர்கூர்க்காரர். வயலினின் இடுப்பில் இருக்கும் கூர் மூலைகள் தேவையே இல்லை, அதிர்வைத் தடுக்கின்றன என்று சொல்லி, கிட்டார் மாதிரி வழவழப்பாக வளைந்த வயலின் ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். 1817இல் அதைப் பாரிஸ் அறிஞர் சபையின் முன் வைத்தார். பக்கத்து அறையில் ஒரு வித்துவான் இதையும் ஒரு ஸ்ட்ராடிவாரியையும் மாற்றி மாற்றி வாசிக்க, எது எது என்று தெரியாமல் கேட்டவர்கள் ஷானோவின் வயலினே மேல் என்றார்கள். அவ்வளவு பெரிய வெற்றி. ஆனாலும் சந்தையில் அந்த வயலின் நிற்கவில்லை. வாங்குகிறவருக்கு வயலின் என்றால் கண்ணில் ஒரு உருவம் இருக்கிறது, அந்த உருவத்தை மாற்றினால் நாதம் எப்படி இருந்தாலும் கை நீளாது. இளம் வியோம் அந்தப் பட்டறையில் இதைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் நேர் எதிர்த் திசையில்தான் நடந்தார்.

1821இல் சிமோன் லெத்தே என்பவரிடம் போனார். நான்கு வருடத்தில் பங்காளி ஆனார். 1827 பாரிஸ் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம். 1828இல் க்ருவா தே பெத்தி ஷான் என்ற தெருவில், 46ஆம் எண்ணில், சொந்தக் கடை. வயது அப்போது 29.

இப்போது நகல் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலப் பாரிஸில் புது வயலின் விற்பது ரொம்பக் கடினம். 1782இல் வியோத்தி என்ற இத்தாலிய வித்துவான் ஸ்ட்ராடிவாரி வயலினோடு பாரிஸுக்கு வந்து வாசித்தார். அதிலிருந்து வித்துவான்களுக்குப் பழைய இத்தாலிய வயலின்மேல் பைத்தியம். புதிதாக, பளபளப்பாக எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முகம் திருப்பிக்கொள்வார்கள். வியோம் செய்தது என்ன? புது வயலினையே பழைய வயலின் மாதிரி செய்தார். ஸ்ட்ராடிவாரியின் வளைவு, குவார்னெரி என்ற இன்னொரு இத்தாலிய ஆசாரியின் எஃப் துளை (மேல்பலகையில் f எழுத்து வடிவில் இருக்கும் துளை), இவை மட்டும் இல்லை. நூறு வருடம் ஒருவர் தோளில் வைத்து வாசித்தால் வார்னிஷ் எந்த இடத்தில் கரையும், எந்த மூலை மழுங்கும், கை அடிக்கடி உரசும் தோள்பக்கம் எப்படி வெளுக்கும் என்பதையும் சேர்த்துச் செய்தார். இதெல்லாம் இருந்தும் அவர் தன் பெயரை மறைக்கவில்லை. வயலின்களுக்கு வரிசையாக எண் போட்டார், கையெழுத்தும் போட்டார். அந்த எண் கடைசியில் மூவாயிரத்தைத் தாண்டியது.

இது எவ்வளவு கடினம் என்பதை வெளியிலிருந்து புரிந்துகொள்ள முடியாது. ஒருமுறை ஒரு பழைய வயலினின் சுருள் தலையை மட்டும் அப்படியே நகல் எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அளவு எல்லாம் சரியாக வந்தது. காலிப்பர் வைத்துப் பார்த்தால் கால் மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என்னுடையது செத்துக் கிடந்தது. ஒரு மாதம் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. மூலச் சுருளில் இரண்டாவது சுற்றில் செய்தவர் உளியை ஒரே இழுப்பில் சுழற்றியிருக்கிறார், நான் அதே இடத்தைப் பயந்து பயந்து ஏழெட்டு வெட்டில் முடித்திருக்கிறேன். உருவத்தை நகல் எடுத்தால் போதாது, கையின் வேகத்தையும் நகல் எடுக்க வேண்டும். வியோமும் அவர் பட்டறையும் இந்த வேலையைக் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் செய்தார்கள்.

பகனீனி கதையை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். புகழ்பெற்ற இத்தாலிய வயலின் வித்துவான் பகனீனி வாசித்தது 1743இல் குவார்னெரி தெல் ஜெசு செய்த வயலின். அதன் நாதம் அவ்வளவு பெரியது என்பதால் அதற்கு 'பீரங்கி' என்று பெயர். 1833இல் பாரிஸில் இருந்தபோது அதைப் பழுது பார்க்க வியோமிடம் கொடுத்தார். வியோம் அதைப் பிரித்துச் சரிசெய்ததோடு, அதன் நகல் ஒன்றையும் செய்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது பகனீனிக்கே எது தன்னுடையது என்று பார்வையில் சொல்ல முடியவில்லையாம், வாசித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அந்த நகல் நிஜம். பகனீனியிடமிருந்து அது அவருடைய சீடர் கமிலோ சிவோரியின் கைக்குப் போனது, சிவோரி தன் கச்சேரி வாழ்க்கை முழுக்க அதை வாசித்தார். இன்று ஜெனோவா நகரில் மூலமும் நகலும் ஒரே மாளிகையில் இருக்கின்றன. உலகமெங்கும் போய் வாசித்த ஒரு வித்துவான் நகல் என்று தெரிந்தே ஒரு வயலினை ஆயுள் முழுக்க வைத்திருந்தார் என்றால், அதை வெறும் பொம்மை என்று எப்படிச் சொல்வது? நம் காலத்திலும் அமெரிக்க வயலின் கலைஞர் ஹிலரி ஹான் பல வருடமாக வாசிப்பது 1860களில் வியோம் செய்த வயலினைத்தான், அதுவும் அதே 'பீரங்கி'யின் மாதிரியில் செய்ததை.

வெறுமனே பார்த்துச் செய்கிறவராக அவர் இருந்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஏன் இப்படி ஒலிக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு பயட்-சாவர்ட் விதி நினைவிருக்கும். அந்த ஃபெலிக்ஸ் சாவர்ட்தான் வியோமின் நண்பர். காந்தம், மின்சாரம் ஒரு பக்கம் இருக்க, சாவர்ட்டுக்கு வயலின்மேல் தீராத ஆர்வம். பலகைகளை நேராக வைத்து, பெட்டி மாதிரி ஒரு வயலினை அவரே 1819இல் செய்து பார்த்திருக்கிறார். ஆராய்ச்சி செய்ய ஸ்ட்ராடிவாரி வயலின் வேண்டும், அதையும் பிரித்துப் போட வேண்டும். எந்த வித்துவான் கொடுப்பார்? வியோம் கொடுத்தார். அவர் கடைக்குத்தான் பழுதுக்கும் விற்பனைக்கும் அத்தனை பழைய வயலின்களும் வந்துபோயின.

பிரித்த பலகையின்மேல் மெல்லிய மணலைத் தூவி, விளிம்பில் வில்லை இழுத்தால் மணல் ஓடிப் போய் அதிராத இடங்களில் கோடாக நிற்கும். அந்தக் கோலத்தைப் பார்த்துப் பலகை எப்படி அதிர்கிறது என்று சொல்லலாம். நல்ல வயலின்களில் மேல்பலகையையும் அடிப்பலகையையும் தனித்தனியே ஒலிக்க வைத்தால் இரண்டும் ஒரே சுருதியில் இருப்பதில்லை, அடிப்பலகை அரை ஸ்வரத்திலிருந்து ஒரு ஸ்வரம் வரை மேலே இருக்கிறது என்று சாவர்ட் கண்டார். பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் ஒரு சுருதி உண்டு என்றும் அளந்தார். இன்றும் பலகையை விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டு இழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் தட்டுகிறேன். 1841இல் சாவர்ட் இறக்கும்வரை இந்த நட்பு தொடர்ந்தது. ஒரு விஞ்ஞானியும் ஒரு தச்சரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மரத்தைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிற காட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது.

வில் விஷயத்திலும் இதே குணம்தான். இன்று நாம் பிடிக்கும் வில்லின் உருவத்தை முடிவு செய்தவர் பிரான்சுவா தூர்த், 1835இல் இறந்தவர். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பார்கள். எல்லாம் கண்ணாலும் கையாலும் செய்ததுதான். அவருடைய வில்களை வியோம் வரிசையாக வைத்து அளந்தார். வில்லின் தண்டு 700 மில்லிமீட்டர் என்றால், கையருகே முதல் 110 மில்லிமீட்டர் ஒரே தடிமன், 8.6 மில்லிமீட்டர். அதிலிருந்து மெலிந்து மெலிந்து நுனியில் 5.3 ஆகிறது. மொத்தக் குறைவு 3.3 மில்லிமீட்டர். மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு குறைகிற ஒவ்வொரு இடத்திலும் குறி வைத்துப் பார்த்தால், குறிகளுக்கு இடையிலான தூரம் நுனியை நெருங்க நெருங்க ஒரே விகிதத்தில் சுருங்கிக்கொண்டே போகிறது. கணக்கே தெரியாத ஒருவர் கையில் மடக்கைக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது! அந்தக் குறிகளைத் தாளில் கோடு போட்டே கண்டுபிடிக்க வியோம் ஒரு வடிவியல் வழியும் சொன்னார். 1856இல் ஃபெத்திஸ் என்ற இசை அறிஞர் ஸ்ட்ராடிவாரியைப் பற்றி எழுதிய நூலில் அது அச்சானது. வில்லைச் சரிபார்க்கும்போது தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்ப்போம் இல்லையா, அப்போது விரல் உணர்கிற அந்த மெலிவுக்கு முதலில் எண் கொடுத்தவர் வியோம்.

வில்லில் அவர் செய்த புதுமைகள் எல்லாம் நிலைக்கவில்லை. உள்ளே குழலான எஃகு வில் ஒன்று செய்தார். பகனீனியே பாராட்டினார். ஆனால் கீழே விழுந்தால் அது நெளியும், நெளிந்தால் மரத்தைப் போலச் சூடு காட்டி நிமிர்த்த முடியாது. வாசிக்கிறவரே வில்லின் குதிரைவால் முடியை மாற்றிக்கொள்ளக்கூடிய வில்லும் செய்தார், அதுவும் பரவவில்லை. ஆனால் ஒரு சின்னப் பொருளை மட்டும் இன்றும் பார்த்து வியக்கிறார்கள். வில்லின் அடியில் நாம் பிடிக்கும் கருங்காலித் துண்டின் பக்கத்தில் முத்துச்சிப்பியில் ஒரு சிறு கண் இருக்கும். 1860களில் செய்த சில வில்களில் அந்தக் கண்ணின் நடுவில் ஊசித் தலையளவு துளை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணை அதன் அருகில் கொண்டுபோனால் உள்ளே ஒரு முகம் தெரியும். பகனீனியின் முகமோ, ஸ்ட்ராடிவாரியின் முகமோ, சிலவற்றில் வியோமின் முகமோ. கண்ணுக்குத் தெரியாத அளவு சுருக்கிய புகைப்படத்தை ஒரு குட்டிக் கண்ணாடி வில்லையின் முனையில் ஒட்டி அங்கே பதித்திருக்கிறார்கள். புகைப்படம் என்பதே புதிதாக இருந்த காலத்தில்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வில்களை எல்லாம் வியோம் தன் கையால் செய்யவில்லை. தொமினிக் பெக்கத், பெர்ஸ்வா, மலின், ஃபொன்க்ளோஸ், சிமோன், வுவாரேன் என்று அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த வில் ஆசாரிகள் அவருடைய பட்டறையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். பெக்கத் 1826இல் மிர்கூரிலிருந்து பதினாறு வயதுப் பையனாக வந்து, பத்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் தனிக்கடை வைத்தார். இவர்கள் செய்த வில்லில் பொறித்த பெயர் வியோமுடையது மட்டும்தான். வயலின்களிலும் அப்படியே, வார்னிஷ் பூசியவர் ஒருவர், பலகை இழைத்தவர் இன்னொருவர். பட்டறை வழக்கம் அதுதான், ஸ்ட்ராடிவாரியின் மகன்களும் அப்பா பெயரில்தான் வேலை செய்தார்கள் என்று நியாயம் சொல்லலாம். இருந்தாலும் அந்தப் பெயர்களைக் கண்டுபிடிக்க நிபுணர்கள் இன்றும் வில்லின் தலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. மறுபக்கம், அத்தனை கைகளையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் தினமும் நிஜ ஸ்ட்ராடிவாரிகளைக் கிடத்திவைத்தவர் அவர்தான். அங்கே பயின்றவர்களில் கெமுண்டர் என்ற ஜெர்மானியர் அமெரிக்கா போய் அந்தக் கலையை அங்கே ஊன்றினார்.

பதக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1839, 1844 இரண்டிலும் பாரிஸில் தங்கம், 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் உயர்ந்த பதக்கம், அதே வருடம் பிரெஞ்சு அரசின் லெஜியன் தோனர் விருது. லண்டனுக்கு அவர் கொண்டுபோனவற்றில் ஒன்று ஆக்டோபாஸ். வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியமான சாதாரண டபுள் பாஸ் ஒரு ஆளை விடச் சற்றே உயரம் என்றால் இது ஏறத்தாழ மூன்றரை மீட்டர். வாசிக்கிறவர் மேடைமேல் ஏறி நிற்க வேண்டும். தந்திகள் மூன்றே, ஆனால் அவ்வளவு தடிமனை விரலால் அழுத்த முடியாது. ஆகவே கைக்கு நெம்புகோல், காலுக்கு மிதிகட்டை வைத்து, அவற்றால் இரும்பு விரல்கள் தந்தியை அழுத்தும்படி செய்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் அதை மனமாரப் பாராட்டினார். ஆர்கெஸ்ட்ராக்கள் வாங்கவில்லை, செய்ததே இரண்டு மூன்றுதான். ஒன்று பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிர்கூர் ஆசாரி ஒருவர் நம் காலத்தில் அதை நகல் எடுத்துச் செய்ததை மாண்ட்ரியால் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா 2016 முதல் மேடையேற்றியது. நகல் எடுத்தவரின் சொந்தப் படைப்பை அவருடைய ஊர்க்காரரே நகல் எடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

இனி தாரிசியோ. லூயிஜி தாரிசியோ என்ற இத்தாலியர், ஏழைத் தச்சர். கிராமம் கிராமமாகப் போய், பரணில் கிடந்த பழைய வயலின்களைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பாரிஸில் விற்பது அவர் தொழில். ஒவ்வொரு முறை பாரிஸ் வரும்போதும், ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்து யாருமே வாசிக்காமல் புத்தம் புதிதாக இருக்கிற ஒரு வயலின் தன்னிடம் இருக்கிறது என்பார், ஆனால் கொண்டுவர மாட்டார். ஒருநாள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த வித்துவான் தெல்ஃபென் அலார், வியோமின் மருமகன், "உங்கள் வயலின் யூதர்களின் மெசையா மாதிரி, காத்துக்கொண்டே இருக்கிறோம், வருவதே இல்லை" என்றாராம். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

1854இல் தாரிசியோ மிலானில் ஒரு பாழடைந்த அறையில், வயலின்களுக்கு நடுவே இறந்து கிடந்தார். சேதி கிடைத்ததும் வியோம் பணத்தைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். 1855 தொடக்கத்தில் உறவினர்களிடமிருந்து மொத்தச் சேகரிப்பையும் 80,000 பிராங்க் கொடுத்து வாங்கினார். 144 வாத்தியங்கள், அதில் ஸ்ட்ராடிவாரிகள் மட்டுமே இருபதுக்கு மேல். மெசையா மிலானில் இல்லை, கிராமத்துப் பண்ணை வீட்டில், சில அருமையான வயலின்களோடு பத்திரமாக இருந்தது. அந்தப் பண்ணை வீட்டில் பெட்டியைத் திறந்து சிவப்பு வார்னிஷ் மங்காத அந்த வயலினை வெளியே எடுத்த கணம் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடமாக, தேய்ந்த ஸ்ட்ராடிவாரிகளையே பார்த்து, தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுத்தவர், தேயாத ஒன்றை அன்றுதான் கையில் வைத்திருக்கிறார்.

வியாபாரியான வியோம் அதை விற்கவில்லை. 1875இல் சாகும்வரை தன்னிடமே, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். காலத்துக்கேற்ப கழுத்தை நீட்டினார், உள்ளே பாஸ் பாரை (மேல்பலகையின் அடியில் ஒட்டிய மரச்சட்டம்) மாற்றினார், தந்தியை முறுக்கும் பிரடைகளும், தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸும் செதுக்கு வேலையோடு போட்டார். டெயில்பீஸில் குழந்தை இயேசுவின் பிறப்புக் காட்சி. இன்று அது ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில், அதே டெயில்பீஸோடு, வாசிக்கப்படாமல் இருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1990களின் கடைசியில் இந்த மெசையாவே ஸ்ட்ராடிவாரி செய்ததுதானா, வியோம் செய்ததா என்ற சந்தேகம் எழுந்தது. அவ்வளவு புதிதாக இருக்கிறதே, அதுவும் அவர் கையிலிருந்து அல்லவா வந்திருக்கிறது என்றார்கள். மேல்பலகையின் ஸ்ப்ரூஸ் மரத்தில் ஆண்டு வளையங்களை எண்ணினார்கள். கடைசி வளையம் 1680களுக்குரியது என்று வெவ்வேறு ஆய்வாளர்கள் சொன்னார்கள். 1716 என்ற லேபிளோடு அது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளையக் கணக்கு மரம் எப்போதுக்கு முன் வெட்டப்படவில்லை என்றுதான் சொல்லும், யார் செய்தார் என்று சொல்லாது. வியோமும் பழைய மரம் பயன்படுத்தியவர்தான். ஸ்ட்ராடிவாரியின் மகனிடமிருந்து, வயலின் சேகரிப்பாளரான கோசியோ பிரபு 1775இல் வாங்கியது, அவரிடமிருந்து தாரிசியோ வாங்கியது என்று வருகிற வரலாற்றையும், வேலைப்பாட்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் பெரும்பாலான நிபுணர்கள் அதை ஸ்ட்ராடிவாரியுடையது என்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் உலகத்திலேயே புகழ்பெற்ற வயலினைப் பார்த்து, ஒருவேளை வியோம் செய்ததோ என்று படித்தவர்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். வியோமின் கைக்கு இதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

சரி, வீட்டு வயலினுக்கு வருவோம். லேபிளை நம்பாதீர்கள். மிர்கூரின் தொழிற்சாலைகள் பின்னாளில் ஆயிரக்கணக்கான வயலின்களில் ஸ்ட்ராடிவாரி பெயரையும் வியோம் பெயரையும் அச்சடித்து ஒட்டின. யாரையும் ஏமாற்றுவதற்கென்று இல்லை, இந்த மாதிரியில் செய்தது என்று காட்டுவதற்காக. லேபிளின் தொடக்கத்தில் 'கோப்பி த' என்று இருந்தால் 'இன்னாரின் நகல்' என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 'மேட் இன் பிரான்ஸ்' என்று ஆங்கிலத்தில் இருந்தால், பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்க இறக்குமதிச் சட்டத்தால் வந்த வழக்கம் அது, வியோம் அதற்குள் இறந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது. அவருடைய தம்பி நிக்கோலா மிர்கூரில் செய்த மலிவு விலை வாத்தியங்களும் உண்டு, 'ஸ்டென்டர்', 'சென்ட் செசில்' என்ற பெயர்களில். இன்று கடையில் மாணவர்களுக்கு விற்கும் ஸ்டென்டர் வயலினோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடி ஒன்றும் வளையும் சிறு விளக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கை எஃப் துளை வழியே உள்ளே விட்டு, கண்ணாடியைத் திருப்பி அடிப்பலகையின் உள்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் மையால் எழுதிய எண் இருக்கிறதா, அதற்கு மேலே கையெழுத்தும் ஆண்டும் இருக்கின்றனவா என்பதுதான் முதல் சோதனை. அச்சு எழுத்து இல்லை, கையெழுத்து. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமேகூட இருக்கலாம். அடுத்து ஒரு அளவுநாடா எடுத்து, மேல்பலகையின் மேல் விளிம்பிலிருந்து எஃப் துளையின் உள் வெட்டுக்குறி வரை அளந்து பாருங்கள். இன்று பொதுவாக 195 மில்லிமீட்டர் வைப்பார்கள், வியோமுடையதில் பெரும்பாலும் 193. இவை இரண்டும் பொருந்தினாலும் அவசரப்பட்டு யாருக்கும் விற்றுவிடாதீர்கள், ஏலத்தில் லட்சம் டாலருக்கு மேல் போகிற வாத்தியம் அது, நேரில் பார்த்துச் சான்று கொடுக்கும் நிபுணர்களிடம் காட்ட வேண்டும்.

பொருந்தாவிட்டாலும் வயலினைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். மிர்கூர்த் தொழிற்சாலை வயலின்களில் நல்ல மரத்தில் செய்தவை நிறைய உண்டு. சவுண்ட் போஸ்ட்டை (உள்ளே இரண்டு பலகைகளுக்கும் நடுவில் நிற்கும் சிறு குச்சி) சரியாக நிறுத்தி, பிரடை வழுக்காமல் பார்த்து, புதுக் குதிரை வெட்டிப் போட்டு, ஒரு வாரம் தினமும் வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.